உலை மூடி

மூன்றாவது மெமோ வந்தால் வேலை போய்விடும். வேலப்பனுக்கு ஏற்கெனவே இரண்டு வந்தாயிற்று. இரண்டும் ஒரே குற்றத்துக்கு: கம்பெனி கரண்ட்டில் சொந்த செல்போனுக்கு சார்ஜ் போட்டது. மணலியில் பழைய இரும்பை உருக்கும் ஆலை அது. மாத்தூரில் பத்துத் தெரு எரிக்கிற கரண்ட்டை அந்த மின் உலை ஒன்றே குடித்துவிடும். அங்கே போய் ஒரு சார்ஜரைக் கையும் களவுமாகப் பிடித்த மேனேஜர் வேதமாணிக்கத்தின் மூளையை என்னவென்று சொல்ல!

மின் சிக்கன வாரம் வந்தது. மேனேஜர் வேலப்பனைக் கூப்பிட்டார். "சீஃப் கெஸ்ட் முன்னாடி நீதான் உறுதிமொழி படிக்கணும். ஒழுங்கா படிச்சா ரெண்டு மெமோவையும் கிழிச்சிடறேன்."

பத்து வருஷ வேலை. வேலப்பன் தலையாட்டினான்.

விழா அன்று காலை பத்து மணிக்கே உலையின் மூடியைத் திறந்து வைக்கச் சொல்லிவிட்டார்கள். படத்தில் பின்னால் செக்கச்செவேலென்று தெரிய வேண்டுமாம். விருந்தாளி பதினொன்று ஆகியும் வரவில்லை. சூடெல்லாம் கூரைக்குப் போனது. உருகிய இரும்பு உறையாமலிருக்க கரண்ட் ஏறிக்கொண்டே இருந்தது.

"சார், மூடிடட்டா? கரண்ட்டு சும்மா இழுத்துகினு கீது" என்று வேலப்பன் மேனேஜரிடம் கேட்டான்.

"உன் வேலையைப் பாருப்பா. போட்டோ முக்கியம்."

பெரிய மனிதர் ஒருவழியாக வந்தார். சால்வை, கைதட்டல். வேலப்பன் பிசிறில்லாமல் படித்தான். 'ஒரு யூனிட்டைக்கூட வீணாக்க மாட்டேன்' என்ற இடத்தில் அவனுக்கு நாக்கு கூசியது. விருந்தாளி தோளைத் தட்டி, "எப்படிப்பா மிச்சம் பிடிப்பே?" என்றார்.

வேலப்பன் நேரே போய் நெம்புகோலை இழுத்தான். மூடி விழுந்தது. போட்டோக்காரரின் செக்கச்செவேல் போயே போய்விட்டது.

"இப்டிதான் சார். பத்து மணிலேர்ந்து தொறந்து வெச்சிகினு கீறாங்கோ. இதுல போன கரண்ட்டு என் போனுக்குப் பத்து வருசம் வரும்."

மத்தியானமே மூன்றாவது மெமோ வந்தது. விழாவுக்கு இடையூறு செய்தானாம். அதை நீட்ட மேனேஜரே உலையடிக்கு வந்தார். மூடி மறுபடி திறந்து கிடந்தது. படம் சரியாக விழவில்லையென்று இன்னொரு முறை எடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். மூட ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

வேலப்பனின் கை பழக்கத்தில் நெம்புகோலுக்குப் போனது. பாதியில் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"இன்மே நீயே மூடிக்கோ நைனா" என்றான். சார்ஜரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு நடந்தான்.