கூரைமேல் போன ஒற்றையடிப் பாதை

ஹெட்லி, நோரீன் தம்பதியின் படகுக் கூரைமேல் பொதுவழி ஒன்று போகத் தொடங்கியது மே மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, காலைச் சாப்பாட்டு வேளையில். முதலில் வந்தது ஒரு கிழவரும் அவருடைய நாயும். படகின் முன்முனையில் ஏறி, கூரைமேல் நடந்து, பின்முனையில் இறங்கினார்கள். ரயில் பெட்டியைத் தண்ணீரில் இறக்கிவிட்டது போன்ற ஒடுக்கமான படகு. முனைக்கு முனை நடக்க அரை நிமிடம் போதும். ஆனால் தலைக்கு மேல் காலடிச் சத்தம் கேட்டபோது நோரீன் முட்டையை வேகவைக்கப் போட்டார். சத்தம் ஓய்வதற்குள் இருவரும் சாப்பிட்டுப் பாத்திரமும் கழுவி முடித்திருந்தார்கள். கரையில் மழை பெய்து வாரக்கணக்காகியும் கிழவரின் காலணியில் சேறு அப்பியிருந்தது. "மேல ஒரு காளை நிக்குது. சாதுதான்" என்று சொல்லித் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

ஹெட்லி ஒரு பஸ் கம்பெனியில் வேலைக்காலம் முழுவதும் பயணிகளின் புகார்களைக் கேட்டவர். ஓய்வு பெற்றதும் இனி மனித முகமே வேண்டாமென்று கெட்டரிங் ஊரிலிருந்த வீட்டை விற்று இந்தப் படகை வாங்கினார். வேறொரு படகு நிற்கும் துறையில் தன் படகைக் கட்டவே மாட்டார். நோரீன் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருந்தவர். தலையைக் கொடுத்தவர்கள் கதையையும் சேர்த்தே கொடுத்துவிட்டுப் போவார்கள். இப்போதோ நாளுக்கு நாலு மைல், நாலு வார்த்தை. படகு போய்க்கொண்டிருந்த ஆற்றுக்கு மேற்கே நென் என்றும் கிழக்கே நீன் என்றும் பெயர். எந்தப் பாலத்தில் பெயர் மாறுகிறது என்பதுதான் அந்த வசந்தத்தில் இருவரும் பேசிய மிக நீண்ட பேச்சு. கோடை முடிந்ததும் கார்பியில் இருக்கும் அக்கா வீட்டோடு போய்விடுவதென்று நோரீன் முடிவு செய்திருந்தார். கட்டிலடியில் பெட்டி பாதி அடுக்கியிருந்தது. ஹெட்லியிடம் சொல்லவில்லை.

ஜூனில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் வரத் தொடங்கியது. ஹெட்லி முன்முனையில் கம்பிக்கதவு போட்டுப் பூட்டினார். மறுநாள் கதவுக்குப் பக்கத்திலேயே ஏறிக் கடக்க மரப்படி முளைத்திருந்தது. படகை நடு ஆற்றில் நங்கூரம் பாய்ச்சி நிறுத்திப் பார்த்தார். அப்போதும் காலுறைகூட நனையாமல் ஆட்கள் வந்தார்கள். வந்தவர்களுக்கு நோரீன் தேநீர் கொடுத்தார். அவர்கள் கூரையில் முட்புதரிலிருந்து பறித்த பழங்களைக் கொடுத்து, யாருக்கு எந்த முட்டியில் வலி என்பதையும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

ஹெட்லி புகார் செய்ததன்பேரில் பாதைகளைப் பார்க்கும் அதிகாரி, பெட்ரா என்ற பெண், வந்து கூரையேறினார். மதியத்துக்குமேல் பாவாடையெல்லாம் ஒட்டுப்புல்லோடு இறங்கினார்.

"பாதை பழசு சார். நீங்கதான் அதுக்குக் கீழ வந்து படகை நிறுத்தியிருக்கீங்க."

"படகு நகருதே?"

"பாதையும் கூடவே நகருது. அதுக்குச் சட்டத்துல தடையில்ல. மறிச்சீங்கன்னாதான் தப்பு."

ஜூலையில் ஔண்டில் ஊரருகே, சிலர் கூரையில் உட்கார்ந்து பாடினார்கள். ஹெட்லி முதன்முறையாக மேலே ஏறினார், இரண்டு வார்த்தை கேட்டுவிட்டு வர. மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கும் வரவில்லை. இறங்கி வருகிற ஒவ்வொருவரிடமும் நோரீன் விசாரித்தார். வழிகாட்டிக் கம்பத்தடியில் ஒரு மனிதர் நின்றதாகவும், வழி தவறிவிட்டதா என்று கேட்டதற்கு இல்லை என்று முறைத்ததாகவும் ஒருத்தி சொன்னாள். அவர்தான் என்பதில் நோரீனுக்குச் சந்தேகமே இல்லை.

மறுநாள் அந்தத் துறையில் தங்கும் கெடு முடிந்தது. கார்பி போகும் பஸ் பாலத்தருகே நின்றது. நோரீன் பெட்டியை இழுத்துச் சமையல் மேசைமேல் வைத்தார், வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தான் போய்விட்டால் படகு கேட்பாரற்றுக் கிடக்கும். யாராவது இழுத்துப் போய்விட்டால் மனிதர் எங்கே இறங்குவார்? பஸ் போய்விட்டது. அதுவரை சுக்கானைத் தொட்டறியாதவர் படகை அவிழ்த்து ஓட்டினார். படகுகளை ஏற்றியிறக்கும் முதல் மதகில் சுவரில் இடித்தார், இரண்டாவதில் இடிக்கவில்லை, மூன்றாவதைத் தாண்டும்போது பாடிக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை வான்ஸ்ஃபோர்டு பாலத்தடியில் ஹெட்லி பின்முனை வழியாக இறங்கினார். மூக்கு வெயிலில் சிவந்திருந்தது. தலையில் யாருடைய தொப்பியோ.

"நான் ஏறினது ஔண்டில் பக்கத்துல."

"நகர்த்திட்டேன்."

"யாரு ஓட்டினது?"

"வாத்து ஓட்டுச்சு."

ஹெட்லி மேசைமேல் இருந்த பெட்டியைப் பார்த்தார்.

"இது எங்க போகுது?"

"கார்பிக்கு. அக்கா வீட்டுக்கு. உங்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். நீ மேல போயிட்ட."

ஹெட்லி உட்கார்ந்தார். பெட்டியைப் பற்றிப் பேசாமல், மேலே நடந்ததைச் சொன்னார். கடைசியில் லெஸ்டர் நகரத்துப் பல் வைத்தியர் ஒருவரிடம் வழி கேட்க வேண்டியதாயிற்று. அந்த மனிதர் தன் ரொட்டியில் பாதி கொடுத்து, மகளுடைய விவாகரத்துக் கதையை ஒரு பகல் முழுக்கச் சொல்லிக்கொண்டே கூட நடந்தார்.

"நல்ல மனுஷன். வாயே மூடமாட்டேங்குறான்."

"நீ?"

"நானும் பேசினேன்" என்றார் ஹெட்லி, ஏதோ திருடியதை ஒப்புக்கொள்பவர் போல. பிறகு, "போகாத நோரீன். கேட்டுக்கிறேன்."

"கேக்கறதுக்கே இப்பதான் கத்துக்கிட்டு வந்திருக்க. கொஞ்ச நாள் போகட்டும், பாக்கலாம்" என்று நோரீன் கெண்டியை அடுப்பில் வைத்தார். பெட்டி ஆறு வாரம் மேசைமேலேயே இருந்தது. இருவரும் அதன் இரு பக்கமும் தட்டு வைத்துச் சாப்பிட்டார்கள். செப்டம்பரில் அதில் வெங்காயம் நிரப்பினார்கள். சுக்கான் நோரீனுக்கே என்றாயிற்று.

அடுத்த வசந்தத்தில் கூரைப்பாதையின் வளைவொன்றில் மரப்பெஞ்சு வந்து சேர்ந்தது. இறந்துபோன யாரோ ஒரு பெண்மணியின் பெயரும், அவருக்கு இங்கே உட்காரப் பிடிக்கும் என்ற வரியும் அதில் செதுக்கப்பட்டிருந்தன. கடல் அங்கிருந்து ஒரு நாள் பயணத்துக்கும் அப்பால்; ஆனால் பெஞ்சில் உட்கார்ந்தால் நன்றாகத் தெரிந்தது. ஞாயிறு மாலைகளில் இருவரும் அங்கே உட்கார்ந்து கப்பல்களைப் பார்த்தார்கள். யாராவது நடந்து வந்தால் ஹெட்லி நகர்ந்து இடம் விட்டார்.