எட்டிப் பார்த்துவிட்டு

ஏழு பண்ணைகளின் மாடுகள், காட்டோரம் செத்துக் கிடந்த இரண்டு மான்கள். எல்லாவற்றின் வாயிலிருந்தும் எடுத்த கோமாரிக் கிருமியின் மரபணு எழுத்துகளை அவள் ஆய்வுக்கூடத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கியிருந்தாள். பண்ணை மாறும்போது கிருமியில் ஓரிரு எழுத்து மாறும். பழைய மாற்றம் அழியாது, புதியது சேரும். யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பது அதில் தெரிந்துவிடும்.

மான்கள் கடைசியில் இருந்தன.

ஊரே மான்களைத்தான் ஏசியது. திங்கட்கிழமை சுடுவதற்கு ஆட்கள் வருகிறார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். நல்லவேளை என்று நினைத்த பிறகுதான் பண்ணைகளின் வரிசையைப் பார்த்தாள். தூரத்துப் பண்ணை முதலில், பிறகு பாலத்தடி, மறுபடி மேட்டுப் பக்கம். காற்றும் அப்படிப் போகாது, மாடும் போகாது. அந்தக் கோணல் வழி அக்கா வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் மூன்று வாரமாக ஒட்டியிருந்தது. அக்கா கணவர் மாடுகளுக்குத் தடுப்பூசி போடப் போகும் பட்டியல்.

மறுநாள் காலை அவள் போனபோது அவர் வாசற்படியில் உட்கார்ந்து ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன பூதக்கண்ணாடி, லீவு நாள்லயும் முகத்தத் தூக்கி வச்சிருக்க? எந்தக் கிருமி திட்டுச்சு?"

"இன்னிக்கு எங்க மாமா?"

"எட்டாவது பண்ணை. போற வழியில ஏழாவத ஒரு எட்டு பாத்துட்டு."

"எப்பவும் அப்படித்தானா?"

"பின்ன? ஊசி போட்ட மாடு தின்னுதா, காய்ச்சல்ல கெடக்குதானு பாக்க வேணாமா? உங்கக்காவக்கூட நான் இவ்வளவு கவனிச்சதில்ல."

"அது ஊருக்கே தெரியும்" என்றாள் அக்கா, உள்ளிருந்து.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "நடுவுல பூட்ஸக் கழுவுவீங்களா?"

"வீட்டுக்கு வந்ததும் கழுவுவேன்."

அவள் காகிதத்தை நீட்டினாள். எழுத்துகள் அவருக்குப் புரியவில்லை. பண்ணைப் பெயர்கள் புரிந்தன. விரல் ஒவ்வொன்றாக இறங்கி, நான்காவதில் நின்றது. திரும்பி ஃப்ரிட்ஜ் பக்கம் பார்த்தார். ஒரு காலில் பூட்ஸ், மறுகாலில் வெறும் காலுறை.

"மான்?"

"உங்களுக்கு அப்புறம்தான்."

"ரிப்போர்ட்ல என் பேரு வருமா?"

"பேர் வராது மாமா. வரிசை வரும்."

"ஏழு பண்ணைக்காரங்களுக்கும் அது போதுமே" என்றார். பிறகு மெல்ல, "அனுப்பிட்டியா?"

"இன்னும் இல்ல."

அவர் அவளையே பார்த்தார். ஏதோ கேட்க வாயெடுத்தார். அதற்குள் போன் அடித்தது. எட்டாவது பண்ணைக்காரர்.

"இல்லங்க, கிளம்பல. பூட்ஸ் கிழிஞ்சுபோச்சு." நிறுத்தி, அவள் முகத்தைப் பார்த்தார். போக வேண்டாம் என்று அவள் தலையசைத்தாள். "நாளைக்கும் வர முடியாதுங்க. உங்க மாட்டுக்கிட்ட யாரையும் விடாதீங்க. என்னையும்தான்."

அவர் பூட்ஸைக் கழற்றத் தொடங்கினார். அவள் மடிக்கணினியோடு சமையலறைக்குப் போனாள்.

"என்னடி, ரெண்டு பேரும் கிசுகிசுனு?" அக்கா இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு நிமிஷம்கா" என்று ஃப்ரிட்ஜுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, அவள் அறிக்கையை அனுப்பினாள்.