கூப்பிடாமல் போனவள்

ராகேலுக்குச் சிறுவயதிலேயே வைசூரி கண்டது. உயிர் தப்பியது, முகம் தப்பவில்லை. நெற்றியிலிருந்து தாடைவரை குழி குழியாகத் தழும்பு. அந்த முகத்தைப் பார்த்தும் மனசாரக் கட்டிக்கொண்டவன் ரசலையன். புதுக்கடைக்குத் தெற்கே அவனுடைய குடும்பவீட்டில் சில வருஷம் அவள் நன்றாகவே வாழ்ந்தாள். பிள்ளை இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதாம் ஆண்டு மழைக்காலத்தில் ரசலையன் விஷக்காய்ச்சலில் இறந்துபோனான்.

அடக்கம் முடிந்து வந்த அன்றைக்கே அவனுடைய தம்பி மனைவி ஜெயபாய் முற்றத்தில் நின்று சொன்னாள்:

"தெனமும் இவ முகத்தில முழிச்சா அத்தான் எப்படி இருப்பாரு? இனி எனக்க பிள்ளைகளும் இதுலயா முழிக்கணும்?"

அவளுடைய புருஷன் செல்வதாஸ் கேட்காதவனைப் போல் உள்ளே போய்விட்டான். ராகேல் தன் துணிப்பெட்டியை எடுத்துக்கொண்டு, வாய்க்கால் கரையில் கிடந்த பழைய ஓலைக்குடிசைக்குக் குடிவந்தாள். ஓலைக்கடவம் என்னும் பனையோலைப் பெட்டி முடைந்து சந்தையில் விற்றாள். ஜெயபாய் சொன்ன சொல் ஊரெல்லாம் போயிருந்தது. காலையில் வேலைக்குப் போகிறவர்கள் அவளை எதிரில் கண்டால் வரப்பு மாறி நடந்தார்கள். சில நாட்களில் அவள் வாய் திறப்பதே ஜெபத்துக்காக மட்டும்தான் என்று ஆனது.

இரண்டு வருஷம் கழிந்து பங்குனி மாதத்தில் ஊருக்குள் வைசூரி வந்தது. தண்ணீர் கோர வந்த இடத்தில் ஊர்க்காரி சத்தியபாய் தூரத்தில் நின்றே சொன்னாள்:

"ஏட்டி ராகேலு, கேட்டியா? ஜெயபாய்க்கு வைசூரி போட்டாச்சு. தென்னந்தோப்பில குடில் கெட்டி அங்கன கெடத்தியிருக்காங்க. செல்வதாஸ் பிள்ளைகளக் கூட்டிட்டுத் தக்கலைக்குப் போயிட்டான். குடிக்க வெள்ளம் குடுக்கக்கூட ஆளில்ல. அவ வாய்க்கு இது வேணும்."

ராகேல் குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். வழியெல்லாம் அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வீட்டுக்கு வந்து அடுப்பு மூட்டிய பிறகுதான் அந்தச் சந்தோஷத்தை நினைத்துப் பயந்தாள். கஞ்சி இறங்கவில்லை. அந்த நோயில் தொண்டை எப்படி வறளும் என்று அவளுக்குத் தெரியும். தண்ணீர் என்று கத்தியும் சத்தம் வெளியே வராத அந்தத் தவிப்பு இத்தனை வருஷம் கழித்தும் அவள் தொண்டைக்குள் இருந்தது. ஒருமுறை கண்டவர்களுக்கு அது மறுபடி வராது என்பதும் தெரியும். போகாமலிருக்க அவளிடம் ஒரு சாக்கும் இல்லை.

கலயத்தில் கஞ்சியை ஊற்றிக்கொண்டு தோப்புக்குப் போனாள்.

குடிலுக்குள் ஜெயபாய் பாயோடு ஒட்டிக் கிடந்தாள். இமைகள் வீங்கி மூடியிருந்தன. ஆள் வந்த அரவம் கேட்டு, "யாரு?" என்றாள்.

"நான்தான். ராகேல்."

ஜெயபாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள், "என்னத்துக்கு வந்தே? நானும் உன்னப்போல ஆயிட்டேனான்னு பாக்கவா? பாத்தாச்சுல்லா, போ."

ராகேல் அவள் தலையைத் தூக்கிப் பிடித்து உதட்டை நனைத்தாள். ஜெயபாய் முதல் வாயைத் துப்பினாள். இரண்டாம் வாயை விழுங்கினாள்.

அதன்பின் ராகேல் தினமும் போனாள். எண்ணெய் தடவிய வாழையிலையை விரித்து அதில் புரட்டிப் படுக்கவைத்தாள். வேப்பிலையால் ஈ விரட்டினாள். அழுக்குத் துணியைத் தோப்பின் மூலையில் கொண்டுபோய் எரித்தாள். வலி கூடும்போதெல்லாம் ஜெயபாய் அவளை வைதாள். "நீ கொண்டுவந்த சீக்குத்தான் இது" என்று ஒருநாள் சொன்னாள். அன்று ராகேல் கலயத்தை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

"கர்த்தாவே, என்னால ஏலாது. வேற ஆள அனுப்பும்" என்று சத்தமாக அழுதாள். வேறு யாரும் போகமாட்டார்கள் என்பது தெரிந்துதான் அழுதாள். வெயில் தாழ்ந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு மறுபடியும் தோப்புக்கு நடந்தாள். சிலுவையில் தொங்கினவரையும் பக்கத்தில் நின்றவர்கள் வைதார்கள் என்று நினைத்துப் பார்த்தாள். அது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இல்லை. ஆனாலும் கால் நடந்தது.

சபை உபதேசியார் யேசுதாசன் தோப்பு வேலிக்கு வெளியே நின்று ஜெபம் பண்ணிவிட்டுப் போவார். ஒருநாள் அவளைக் கூப்பிட்டார்.

"ராகேலம்மா, ஞாயித்துக்கெழம பிரசங்கத்தில உன்னப்பத்திச் சொல்லட்டுமா? சபைக்கு ஒரு சாட்சியா இருக்கும்."

"வேண்டாம் உபதேசியாரே. நான் உள்ளுக்குள்ள அவளத் திட்டிட்டேதான் எல்லாம் செய்யுதேன்."

அவர் குடையை மடக்கிக்கொண்டு போனார்.

ஜெயபாய் பிழைத்தாள். பொருக்கு உதிர்ந்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றியபின் செல்வதாஸ் பிள்ளைகளோடு திரும்பி வந்தான். "மைனி, இனி நான் பாத்துக்கிடுவேன்" என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. ராகேல் வேலியைத் தாண்டும்போது கடைக்குட்டி வீறிட்டு அழுவது கேட்டது. திரும்பிப் பார்த்தாள். குழந்தை தாயின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தகப்பன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அலறியது. நீட்டின கைகளை ஜெயபாய் மெல்ல மடக்கிக்கொண்டாள்.

பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. ஓலை முடையும்போது வாய்க்கால் கரையில் காலடிச் சத்தம் கேட்டால் ராகேல் நிமிர்ந்து பார்த்தாள். தான் எதிர்பார்க்கிறோம் என்பது தெரிந்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது. கூலி கேட்கிறவளைப்போல ஆகிவிட்டேனே என்று நினைத்தாள். நினைத்தும், அடுத்த காலடிக்கு நிமிரத்தான் செய்தாள்.

அறுப்பின் பண்டிகைக்குத்தான் ஜெயபாய் முதன்முதலாகக் கோயிலுக்கு வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டு, பெண்கள் பக்கத்துப் பாயில் உட்கார்ந்தாள். பக்கத்திலிருந்தவர்கள் பிள்ளைகளை மடியில் எடுத்துக்கொண்டு ஒதுங்கினார்கள். ஒருத்தி எழுந்தே போனாள். ஜெயபாய் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

பின்னாலிருந்து ராகேல் எழுந்துபோய் அவள் அருகில் உட்கார்ந்தாள். ஜெயபாய் ஏறிட்டுப் பார்த்தாள். சற்று விலகி உட்கார்ந்தாள். ராகேல் நெருங்கவுமில்லை, எழுந்து போகவுமில்லை. ஆராதனை முடியும்வரை இருவரும் அப்படியே இருந்தார்கள்.

வெளியே புளியமரத்தடியில் செல்வதாஸ் பிள்ளைகளோடு முன்னால் நடந்தான். ஜெயபாய் நின்றாள்.

"அக்கா" என்றாள். அந்த முற்றத்தில் நின்று பேசின நாளுக்குப் பிறகு அப்படிக் கூப்பிட்டதில்லை. "இத்தன பேரு பாக்காங்களே. நீ எப்படிப் பொறுத்த?"

"பொறுக்கல்ல. தெனமும் அழுதேன்."

"உனக்க முகத்தில முழிச்சா ஆகாதுன்னு ஊரெல்லாம் சொல்லிவிட்டது நான்தான்."

"தெரியும்."

"தெரிஞ்சா பின்ன என்னத்துக்கு வந்தே? நான் கூப்பிடல்லியே."

ராகேல் யோசித்தாள். "நீ தாகத்தில கெடந்தே" என்றாள்.

ஜெயபாய் எதையோ சொல்ல வந்தாள். தூரத்திலிருந்து செல்வதாஸ் கூப்பிட்டான். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேகமாக நடந்தாள். கடைக்குட்டி இப்போது அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போனான்.

ராகேல் அவர்கள் கண்ணுக்கு மறையும்வரை நின்றாள். பிறகு வாய்க்கால் வழியே தனியாக வீட்டுக்கு நடந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் ஜெயபாய் அருகிலேயே உட்காரவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அவள் விலகினாலும் பரவாயில்லை.