செடியைப் பார்க்க வந்த அதிகாரி

அதிகாரி போர்வெல் குழாயைப் பார்க்கவேயில்லை. அதன் பக்கத்தில், பாதியாக அறுத்த நீல டிரம்மில் ஆளுயரம் வளர்ந்திருந்த செடியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். விடியற்காலையில் வெள்ளை வெளேரென்று மலர்ந்த அடுக்குப் பூக்களில் பதினொன்றரை மணிக்கு ரோஸ் ஏறத் தொடங்கியிருந்தது. வள்ளியம்மாள் போர்த் தண்ணீரைச் சொம்பில் பிடித்து ஏந்திக்கொண்டு நின்றாள். அவர் அதை வாங்கவில்லை. கைப்பேசியில் எதையோ தேடி, இந்த ஜாதிப் பூ காலையில் ஒரு நிறம், சாயந்திரம் ஒரு நிறமாகத்தான் இருக்கும், இதற்குப் போய் சாயப்பட்டறை மேல் புகார் கொடுப்பார்களா என்று தெலுங்கில் கேட்டார். கூடவே வந்திருந்த சாயப்பட்டறை முதலாளி நாகபூஷணம் மரியாதையாகத் தலையை ஆட்டினார்.

"பூவப் பத்தி நான் எங்க சார் சொன்னேன்? தண்ணியப் பாருங்க" என்றாள் வள்ளியம்மாள். அவர் அதற்குள் ஜீப்புக்குப் போய்விட்டார்.

ஆந்திர எல்லை ஊரான நகரியில் அந்தத் தெருவின் போர்த் தண்ணீர் சிவக்க ஆரம்பித்து இரண்டு வருடமாகிறது. குடிக்க கேன் வாங்கினார்கள். குளிக்கவும் துவைக்கவும் அதே சிவப்புத்தான். மகள் சுஷ்மிதாவின் முதுகில் தடிப்பு வந்து ஆறவேயில்லை. தெலுங்கில் மனு எழுதியவள் அவள்தான். காலையில் பிடித்த பக்கெட்டையும் சாயந்திரம் பிடித்த பக்கெட்டையும் படம் எடுத்து இணைத்திருந்தாள். இரண்டு படத்திலும் பக்கெட்டுக்குப் பின்னால் செடி நின்றது. ஒன்றில் பூ வெள்ளை, மற்றதில் சிவப்பு. அவ்வளவுதான் அந்தச் செடி செய்த குற்றம். திருப்பதியில் தன் தங்கை வேலை செய்யும் வீட்டிலிருந்து வள்ளியம்மாள் ஈரத்துணி சுற்றிக் கொண்டுவந்த குச்சி அது. அதற்கு ஒரு நாளும் போர்த் தண்ணீர் விட்டதில்லை. கேன் தண்ணீரில் அரிசி கழுவியதைத்தான் ஊற்றுவாள். பவர்லூம் சத்தத்தில் காது அடைத்துப்போனால் வெளியே வந்து ஒரு நிமிடம் அதன் முன்னால் நிற்பாள். அவளுக்கென்று அந்த வீட்டில் இருந்தது அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. சுஷ்மிதா வாசித்துத் தமிழில் சொன்னாள். பூவின் நிறமாற்றம் இயற்கையானது; புகார் தீர்க்கப்பட்டது. வள்ளியம்மாள் மறுபடி வாசிக்கச் சொன்னாள். தண்ணீர் என்ற சொல் எங்காவது வருகிறதா என்று கேட்டாள். வரவில்லை.

அவர்கள் தறிக்கு நெய்யப் பாவு நூல் கொடுப்பவரும் நாகபூஷணம்தான். அந்த வாரம் அவரிடமிருந்து பாவு வரவில்லை. தறி நான்கு நாளாகச் சும்மா கிடந்தது. அவள் கணவன் செங்கல்வராயன் இரண்டு தடவை போய்க் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினான்.

"ஊருக்கே இல்லாத அக்கற ஒனக்கு இன்னாத்துக்கு? அந்தச் செடிய வச்சிக்கினு நம்ம பொழப்பையே சிரிப்பாக்கிட்ட" என்றான். அவளுக்கு அவன்மேல் வந்த கோபம்கூட அவன்மேல் நிற்காமல், சிரித்த அந்த அதிகாரியின் வாயின் மேலேயே போய் நின்றது. படித்த மனிதர், மகளின் முதுகைக்கூடக் காட்டத் தயாராக நின்றவளிடம் பூவின் ஜாதியைப் பற்றிப் பேசிவிட்டுப் போகிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் கொடுவாளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். அன்று பதினேழு பூ. அடியோடு வெட்டினாள். தண்டு நார் நாராகப் பிரிந்து சீக்கிரம் விடவில்லை. சத்தம் கேட்டு வந்த செங்கல்வராயன், "ஏதோ கோவத்துல சொன்னதுக்கு இப்டியா பண்ணுவ?" என்றான்.

"நீ சொன்னதுக்கு ஒண்ணும் வெட்டல."

"போட்டோல செடி வராம எடுத்துட்டா போதாதாம்மா?" என்றாள் சுஷ்மிதா. அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

"நேர்ல வருவான் இல்ல. வந்தா கண்ணு அதுமேலதான் போவும். இனிமே அவன் பாக்கறதுக்குத் தண்ணி மட்டும்தான் இருக்கணும்."

வெட்டிய கிளைகளைச் சந்து முனைக் குப்பையில் போட்டாள். டிரம்மையும் உருட்டிக்கொண்டு போய்ப் போட்டாள். திங்கட்கிழமை சித்தூர் பஸ் ஏறி, மனு வாங்கும் இடத்தில் மூன்று மணி நேரம் வரிசையில் நின்று, புது மனு கொடுத்துவிட்டு வந்தாள். அதில் பூ என்ற சொல்லே வரக்கூடாது என்று மகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்.

பதினாறாம் நாள் அதே அதிகாரி வந்தார். நாகபூஷணமும் வந்தார். அதிகாரி பின்பக்கம் முழுக்க ஒரு தடவை கண்ணை ஓட்டிவிட்டு, அந்தச் செடி எங்கே என்று கேட்டார்.

வள்ளியம்மாள் மோட்டார் சுவிட்சைப் போட்டாள். இந்தத் தண்ணீருக்கு ஒன்றும் இல்லை, நிலத்தின் வாகு அப்படி, எங்கள் வீட்டிலும் இதைத்தான் புழங்குகிறோம் என்று நாகபூஷணம் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கெட் நிறைந்தது. அவள் மோட்டாரை நிறுத்தவில்லை. தண்ணீர் விளிம்பு தாண்டிச் சிமெண்டுத் தரையில் சிவப்பாகப் பரவி அவர்கள் பக்கம் ஓடியது. பேசிக்கொண்டே நாகபூஷணம் தன் வெள்ளை வேட்டியை இரண்டு கையாலும் முழங்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டார்.