சந்திராதேவி டீச்சரின் பேஸ்பால் டியூஷன்

“பாயிண்ட் இல்லை, கப் இல்லை, சர்டிபிகேட்டும் இல்லை. பின்னை என்னத்துக்கு கோச், பிள்ளையளை வெயிலுக்கை நிப்பாட்டி வைச்சிருக்கிறீங்கள்?”

சந்திராதேவி டீச்சரின் குரல், மலாக்கா பக்கத்துப் புக்கிட் காத்தில் ஊர் மைதானத்தின் மறுகோடியில் கால்பந்து உதைத்துக்கொண்டிருந்தவர்களையும் திரும்பிப் பார்க்க வைத்தது. முப்பது வருஷம் கணக்குப் பாடம் நடத்தி, கடைசி பெஞ்சைத் தூங்கவிடாத குரல். வேலையிலிருந்து ஓய்வு பெற்றது டீச்சர்தான், குரல் இல்லை.

கோச் ஜூலியஸ் கையிலிருந்த பந்தைத் துடைத்தபடி மூன்றாவது முறையாக விளக்கினார். இது ஃபால் சீசனாம். அமெரிக்காவில் இலை உதிரும் காலத்தில் பிள்ளைகள் ஜெயிப்பதற்கு ஆடுவதில்லையாம், கற்றுக்கொள்வதற்குத்தான் ஆடுவார்களாம். அதனால் எட்டு சனிக்கிழமைக்கும் பாயிண்ட் எழுதப்போவதில்லை, எல்லாரும் எல்லா இடத்திலும் நின்று பார்க்க வேண்டும். நம் பக்கத்து ரப்பர் மரம் இலை உதிர்ப்பது பிப்ரவரியில். அக்டோபரில் இங்கே விழுவது மழை மட்டும்தான். ஆனால் யூடியூப் பார்த்துக் கோச் ஆனவரிடம் இதையெல்லாம் யார் எடுத்துச் சொல்வது?

அதே தெருவில் இருக்கும் சூசனும் சேர்ந்துகொண்டாள். அவள் மகன் கெல்வின் எறிந்தால் பந்து கண்ணுக்குத் தெரியாது. அவனைப் போய்க் கோச் மைதானத்தின் கடைசியில் நிறுத்தியிருந்தார். “என் பையன் அங்க நின்னு புல்லு பிடுங்கவா கோச்?” என்று கேட்டாள்.

டீச்சருக்கு அந்தக் கவலை கிடையாது. அவர் மகன் அஜந்தனை எங்கே நிறுத்தினாலும் ஒன்றுதான். பதினாறு வயது, கொடிக்கம்பம் மாதிரி உயரம், ஆட்டத்தின் மேல் உயிர். அடிக்க மட்டும் வராது. பேட்டைச் சுழற்றினான் என்றால் எதிரில் நிற்பவர்களுக்குக் காற்று நன்றாக வரும்.

கோச்சிடம் வாதம் பலிக்கவில்லை என்றதும் டீச்சர் மகன் பக்கம் திரும்பினார். அடுத்த வருஷம் எஸ்.பி.எம்., பள்ளி இறுதிப் பரீட்சை. எட்டு சனிக்கிழமை தருகிறேன், ஒரே ஒரு தடவை பந்தை அடித்து, அந்த அடியால் ஓடி முதல் மூலையான முதல் பேஸைத் தொட்டுக் காட்டு. காட்டினால் அடுத்த வருஷமும் ஆடு. இல்லாவிட்டால் கையுறை அலமாரி மேல் போகும், சனிக்கிழமை கூடுதல் கணிதத்துக்குப் போகும். அஜந்தன் சரியம்மா என்றான். பத்துத் தாய்மார் காதில் விழுந்துவிட்டது. புக்கிட் காத்திலில் அதற்குப் பிறகு ஒரு பேச்சை வாபஸ் வாங்க முடியாது.

வேறொரு அம்மாவாக இருந்தால் பேட்டிங் சொல்லித்தர ஆள் தேடியிருப்பார். டீச்சர் வெள்ளைப் பலகை வாங்கினார்.

புதனும் வெள்ளியும் மாலை ஐந்து மணி, வீட்டில் கார் நிறுத்தும் இடத்தில் டியூஷன். அவர் பேட்டைத் தொட்டதே இல்லை. அதனால் என்ன, முடிவிலியை எல்லாம் அவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டா கணக்கு நடத்தினார்? விதிப் புத்தகத்தை அச்சடித்து வைத்து, நாலு மணிக்கு அத்தியாயம் படித்து, ஐந்து மணிக்கு நடத்துவார். முதலில் விதி, பிறகு மாதிரி வினா, கடைசி வாரம் விதிவிலக்கெல்லாம் ஒன்றாக. இந்த முறையில்தான் எத்தனையோ பேரை எஞ்சினியர் ஆக்கியிருக்கிறார்.

முதல் வாரம் மாணவன் அஜந்தன் மட்டும். சூசன் தெரு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். இரண்டாவது வாரம், எதற்கும் இருக்கட்டும் என்று கெல்வினை அனுப்பினாள். அடுத்த வீட்டுப் பிள்ளை ஒரு டியூஷனுக்குப் போய், தன் பிள்ளை போகவில்லை என்றால் நம் தாய்மாருக்குச் சோறு இறங்காது. மூன்றாவது வாரம் டீச்சர் வீட்டு வாசலில் பதினோரு ஜோடி சிலிப்பர்.

பலன் மைதானத்தில் தெரிந்தது. பந்து உருண்டு போகும், இரண்டு பேர் நின்று அதை யார் எடுக்க வேண்டும் என்பதை விதிப்படி விவாதிப்பார்கள். கோச் ஜூலியஸ் தலையில் கைவைத்தார். பிள்ளைகள் இப்படியாவது கற்றுக்கொள்கிறார்களே என்று பிறகு சமாதானம் ஆனார்.

ஏழு சனிக்கிழமை ஓடிப்போனது. அஜந்தன் ஒரு பந்தைக்கூட ஒழுங்காக அடிக்கவில்லை. இரண்டு முறை எறிபவன் நேராக எறியாததால் சும்மாவே முதல் பேஸுக்குப் போனான். ஒரு முறை பந்து முழங்கையில் பட்டு, அதற்காக அனுப்பினார்கள். வீங்கிய கையைப் பார்த்துச் சூசனுக்கே மனசு இளகிவிட்டது. “பந்து பட்டுச்சு, பேஸுக்குப் போனான். கணக்குல சேத்துக்கங்க லா டீச்சர்.”

“அடி வாங்கினவனுக்கு மார்க் போடேலாது சூசன். அடிச்சவனுக்குத்தான்.”

வாய்தான் அப்படிச் சொன்னது. அந்த வாரம் டீச்சர் பிள்ளையார் கோயிலில் மூன்று நாள் தொடர்ந்து சுற்றியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். கூடுதல் கணிதத்துக்காக யாரும் நூற்றெட்டுச் சுற்றுச் சுற்றுவதில்லை. மகன் அடித்துவிட வேண்டும் என்று அவருக்கும்தான் இருந்தது. ஆனால் போட்ட நிபந்தனையைத் தளர்த்தினால் அவர் சந்திராதேவி இல்லையே.

எட்டாவது சனிக்கிழமை மலாக்கா டவுன் பிள்ளைகளோடு ஆட்டம். முந்தின நாள் பெய்த மழையில் வெள்ளிக்கிழமை டியூஷனே நடக்கவில்லை. கார் நிறுத்தும் இடத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். செர்காமிலிருந்து வரவேண்டிய அம்பையர், ரோட்டில் வெள்ளம், மோட்டார் சைக்கிள் எடுக்க முடியாது என்று போன் செய்துவிட்டார். விதி நன்றாகத் தெரிந்தவன் யார் என்று கோச் கேட்டார். பதினோரு விரல் அஜந்தனைக் காட்டின.

கோச்சுக்கும் நிபந்தனை தெரியும். இது கடைசி ஆட்டம், அம்பையராக நின்றால் பேட் பிடிக்க முடியாது, யோசித்துச் சொல் என்றார். டீச்சர் நாற்காலியில் இருந்தபடியே வேண்டாம் என்று தலையை ஆட்டினார். அஜந்தன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு முகமூடியை எடுத்து மாட்டிக்கொண்டான். எட்டாவது முறையும் காற்றை அடிக்க வேண்டாம் என்று நினைத்தானோ என்னவோ, இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை.

நாலாவது சுற்றில் வந்தது வினை. நம் பிள்ளைகள் பேட்டிங், ஒரு அவுட். முதல் பேஸில் பிரவின் நிற்கிறான். கெல்வின் மூன்றாவது ஸ்டிரைக்கையும் அடிக்காமல் விட்டுவிட்டான், வழக்கமாக அது அவுட், ஆனால் பின்னால் நிற்கும் கேட்சர் கையிலிருந்து பந்து நழுவிவிட்டது. டீச்சர் எழுந்துவிட்டார். மூன்றாவது ஸ்டிரைக்கைக் கேட்சர் பிடிக்காவிட்டால் பேட்டர் முதல் பேஸுக்கு ஓடலாம், புதன்கிழமைப் பாடம். “ஓடு கெல்வின், ஓடு” என்றார். பெஞ்சில் இருந்த டியூஷன் மொத்தமும் சேர்ந்து கத்தியது. கெல்வின் ஓடிப்போய்ப் பிரவினைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரே பேஸில் நின்றான்.

அஜந்தன் கையை மடக்கி உயர்த்தினான். அவுட்.

டீச்சர் விடுவிடுவென்று சேற்றில் இறங்கி வந்தார், கையில் நோட்ஸ். புதன்கிழமை நான் படிப்பித்தது என்ன என்று கேட்டார்.

“முதல் பேஸில் ஆள் இருக்கு மேடம். ரெண்டு அவுட்டும் ஆகல. அப்ப பேட்டர் ஓட முடியாது. நீங்க நடத்தினது விதி, இது விதிவிலக்கு. அது வெள்ளிக்கிழமைப் பாடம், மழை வந்திருச்சு.”

பெற்ற மகன் மேடம் என்றதும் டீச்சருக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. தன் வீட்டுப் பலகையில் எழுதாத விதி உலகத்தில் எங்கே இருக்கிறது என்ற தோரணையில் நோட்ஸைப் புரட்டினார். டவுன் பிள்ளைகள் சிரிக்க ஆரம்பித்தார்கள். அஜந்தன் முகமூடியைக் கழற்றினான். காது சிவந்திருந்தது, குரல் நடுங்கவில்லை.

“வேலிக்கு வெளியே போங்க மேடம். போனாத்தான் ஆட்டம் நடக்கும்.”

சூசன் வாய்க்குக் கொண்டுபோன கறிபாப் பாதி வழியிலேயே நின்றது. டீச்சர் நோட்ஸை மூடினார். பிறகு சேலைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பத்துத் தாய்மாரைத் தாண்டி நடந்தார். காருக்குள் ஏர்கான் போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அவர் கணவர் விஜயரட்ணம், கல்யாணம் ஆன நாள் முதல் அந்த அம்மாவை யாரும் வெளியே போகச் சொல்லிக் கேட்டதில்லை. உள்ளேயிருந்து கதவைத் திறந்துவிட்டு, பேப்பரில் பாதியைக் கொடுத்தார்.

டீச்சர் பேப்பரைத் தொடவில்லை. அச்சடித்த விதிப் புத்தகம் பின்சீட்டில் கிடந்தது. ஆட்டம் முடியும்வரை அதில் விதிவிலக்கு அத்தியாயத்தைப் படித்தார். இரண்டு முறை படித்தார். அஜந்தன் வந்து ஏறி, கார் இரண்டு சிக்னல் தாண்டிய பிறகு சொன்னார்.

“நீ சொன்னது சரி.”

அவன் சப்பாத்தில் ஒட்டியிருந்த சேற்றைச் சுரண்டினான்.

“ஆனா நீ அடிக்கேல்லை.”

“ஓம் அம்மா.”

அன்று சாயங்காலமே கையுறை அலமாரி மேல் ஏறியது. இதை விஜயரட்ணமே மார்க்கெட்டில் சொன்னார், அதனால் பொய்யாக இருக்காது.

அடுத்த வாரம் டீச்சர் கோச் வீட்டு வாசலில் நின்றார். அம்பையர் வேலைக்குப் பரீட்சை இருக்கிறதா, தாளில் எழுதுவதா, சர்டிபிகேட் தருவார்களா என்று கேட்டார். மூன்றுக்கும் கோச் ஆமாம் என்றார். ஜனவரியில் டீச்சரே காரோட்டி மகனை அந்தப் பரீட்சைக்குச் சிரம்பானுக்குக் கூட்டிக்கொண்டு போனார். தெருவில் கேட்டவர்களிடம், எல்லாம் பல்கலைக்கழகத்துக்குத் தேவைப்படும் புறப்பாட நடவடிக்கை மார்க்குக்காகத்தான் என்றார். அஜந்தனுக்கு ஆசை என்னவோ ஒரு தடவையாவது பந்தை அடிப்பதுதான். அதை யாரும் கேட்கவில்லை. பரீட்சையில் முதலாவதாக வந்தான்.

இதெல்லாம் நடந்து பத்து வருஷம் ஆகிறது. கெல்வின் சிங்கப்பூரில் கிடங்கு வேலைக்குப் போய், அங்கேயே ஒரு ஈப்போ பெண்ணைக் கட்டிக்கொண்டான். கோச் ஜூலியஸ் சூசனின் தங்கை எலைனை மணந்தார். அந்தச் சம்பந்தத்தைத் தான்தான் முடித்ததாகச் சூசன் சொல்கிறாள், எலைன் அப்படிச் சொல்வதில்லை. டீச்சரும் கணவரும் மூத்த மகள் தாட்சாயினியோடு ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குக் குடிபோய்விட்டார்கள். அஜந்தன் ஜொகூரில் எஞ்சினியர், சனிக்கிழமைகளில் அம்பையர். போன வைகாசியில் மூவாரைச் சேர்ந்த பல் டாக்டரைக் கல்யாணம் செய்துகொண்டான். அந்தப் பெண் பள்ளிக்கூட நாளில் பேஸ்பால் மாதிரியே ஆடும் சாஃப்ட்பாலை மாநிலத்துக்கே ஆடியவளாம், நல்லா அடிப்பாளாம்.