பதினோரு மென்பொருள், மூன்று ஞாயிறு

1

இந்தக் கதையைக் குளச்சல் பஸ்ஸில் ஒட்டுக்கேட்டேன். பாதி சொல்வதற்குள், பேசிக்கொண்டிருந்த இருவரும் இறங்கிவிட்டார்கள். மீதி என் கைச்சரக்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அன்று கடல் கொந்தளித்துக்…’ (வேண்டாம். கடலுக்கு இதில் வேலையே இல்லை.)

2

அஜின் மீன்பிடி வள்ளங்களுக்கு எஞ்சின் பழுதுபார்ப்பவன். கைராசிக்காரன். தெரிந்ததையெல்லாம் இணையத்தில் சொந்த பிளாக்கில் எழுத ஆசைப்பட்டான். அதிலும் ஸ்டாட்டிக் பிளாக்: நாம் எழுதிய கோப்புகளை ஒரு மென்பொருள் பக்கங்களாக்கிக் கொடுத்துவிடும், அப்புறம் பராமரிப்பே வேண்டாம். எந்த மென்பொருள் என்பதுதான் கேள்வி. மூன்று வருடத்தில் பத்து பார்த்துவிட்டான். ஒவ்வொன்றிலும் ‘வணக்கம்’ என்று ஒரு வரி. எழுத்துரு பிடிக்காது. அடுத்தது.

3

அவனுக்கும் பெபிஷாவுக்கும் கல்யாணம் நிச்சயமானது. இருவரும் ஒரே தேவாலயப் பங்கு. வழக்கப்படி மூன்று ஞாயிறு பூசையில் அறிவிப்பு வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்பார் சாமியார். இரண்டாம் ஞாயிறு மணப்பெண்ணே எழுந்தாள்.

“எனக்கொரு தடை உண்டு சாமி. மூணு வருசமா சாஃப்ட்வேரு தேடுதாரு. ‘வணக்கம்’ தவிர ஒண்ணும் எழுதல்ல. நாளைக்கு வீடு கெட்டணும்னா செங்கலு பாத்தே கெழவனாயிருவாரு. அடுத்த ஞாயிறுக்குள்ள ஒரு பதிவு வரணும். இல்லேன்னா கல்யாணம் வேண்டாம்.”

(கோயிலில் ஒரு பெண் இப்படிப் பேசுவாளா? எனக்கும் சந்தேகம்தான். பெயரை ரீத்தா என்று மாற்றிப் பார்த்தேன். ரீத்தாவும் எழுந்து நின்றாள். பழைய பெயரே இருக்கட்டும்.)

சாமியார் திருச்சபைச் சட்டத்தைப் புரட்டினார். “பிளாக் பத்தி இதுல இல்லியே மக்கா.”

“அப்ப எழுதிச் சேருங்க சாமி.”

4

அந்த வாரம் அஜின் பட்டறையைத் திறக்கவில்லை. கூட்டாளி சிஜோ எட்டிப் பார்த்தான்.

“ஏலே, எழுதுனியா?”

“பதினோராவது ஒண்ணு வந்திருக்கு மக்கா. கண்ணு சிமிட்டுறதுக்குள்ள பக்கத்த உண்டாக்கிரும்.”

“எந்தப் பக்கத்த?”

அஜின் தலைகுனிந்து… (இங்கே அவன் திருந்துவதாக ஒரு பக்கம் எழுதினேன். திருந்த மாட்டேன் என்றான். கிழித்துவிட்டேன்.)

5

மூன்றாம் ஞாயிறு, பூசைக்குப் பத்து நிமிடம் முன்னால், பதிவு வந்தேவிட்டது. தலைப்பு: ‘இந்த பிளாக்கை எப்படி அமைத்தேன்’. நாலாயிரம் சொல். பதினொன்றையும் ஒப்பிட்டு ஓர் அட்டவணை. கடைசி வரி: ‘பன்னிரண்டாவது விரைவில் வெளியாகிறதாம்.’ எஞ்சினைப் பற்றி மூச்சில்லை.

பெபிஷா பெஞ்சிலிருந்தபடி போனில் படித்தாள். ஆண்கள் பக்கத்திலிருந்து அஜின் அவள் கட்டைவிரல் நகர்வதையே பார்த்தான். சிரிக்கிறாளா, பல்லைக் கடிக்கிறாளா என்று அங்கிருந்து தெரியவில்லை.

எனக்கும் தெரியவில்லை. அவள் எழுவதாக ஒரு முடிவு, எழாததாக ஒரு முடிவு. எது மேல் என்று பார்க்க ஓர் அட்டவணை போடத் தொடங்கி…

சாமியார் வாசித்துவிட்டார். பெஞ்சுகளைப் பார்க்கிறார். நீங்களும் உட்கார்ந்திருக்கிறீர்கள். தடை தெரிந்தால் சொல்லுங்கள். சீக்கிரம், அடுத்த பூசைக்கு ஆட்கள் வாசலில் நிற்கிறார்கள்.