அலமாரிக்குள் ஓடிய சீக்கோ

யோசுவா வாழ்நாளில் யாரிடமும் மணி கேட்டதில்லை. நெய்யாற்றின்கரை கோர்ட்டில் சிரஸ்தாராக, அதாவது தலைமை எழுத்தராக, இருந்து ஓய்வு பெற்றவர். நீதிபதியே அவர் மணிக்கட்டைப் பார்த்துத்தான் சாப்பாட்டுக்கு எழுந்து போவார் என்று பாறசாலையில் ஒரு பேச்சு உண்டு. அந்தக் கையில் கிடப்பது அவருடைய அப்பாவின் பழைய சீக்கோ. அதன்மேல் வந்த ஆசையில் ஒவ்வொன்றாகச் சேர்த்த பதின்மூன்று ஜப்பான் ஆட்டோமேட்டிக் வாட்சுகள் படுக்கையறை அலமாரியில், பச்சை வெல்வெட் விரித்த பெட்டிக்குள் இருந்தன. எல்லாம் தட்டையான, மரியாதையான வாட்சுகள். வெள்ளைச் சட்டையின் கைப்பட்டிக்குள் அடங்கிப் போகும்.

பெட்டிக்குள் அவை ஓடுவதில்லை. பாட்டரி கிடையாது, சாவி கொடுக்கும் வேலையும் கிடையாது. கட்டியவர் கை அசைய அசைய உள்ளே ஒரு அரைவட்டத் தகடு சுழன்று வில்லை இறுக்கும். கழற்றி வைத்தால் இரண்டு நாளில் நின்றுபோகும். ஆகவே, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் துடைப்பதற்காகப் பெட்டியைத் திறந்தவர், பொன்முலாம் பூசிய சீக்கோ ஓடிக்கொண்டிருப்பதைக் கண்டு துணியைக் கீழே வைத்துவிட்டார்.

பெட்டி ஆடினால் சில வாட்சுகள் கொஞ்ச நேரம் ஓடிப் பார்க்கும். அது அவருக்குத் தெரியும். ஆனால் இது சரியான மணி காட்டியது. தேதியும் சரி. யாரோ நேரம் திருத்தி, அரை நாளாவது கையில் கட்டியிருக்கிறார்கள்.

மனைவி செல்லபாயிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. திருட்டு என்ற சொல் ஒருமுறை வாயை விட்டு வந்தால் மதில் தாண்டிப் போய்விடும். அந்த வீட்டு மதிலைத் தாண்டி இதுவரை ஒரு பேச்சும் போனதில்லை. கோர்ட்டில் தொண்டியை, வழக்கில் பிடிபட்ட சாமானை, சோதிப்பதுபோல வாட்சை ஜன்னலோரம் கொண்டுபோனார். தோல்வாரில் அவர் மாட்டும் துளையிலிருந்து இரண்டு துளை தள்ளி, நுனிப்பக்கம், புதிதாகச் சுருக்கம் விழுந்திருந்தது. வாரை மோந்து பார்த்தார். வீட்டில் யாரும் பூசாத ஒரு சென்ட் வாசனை.

முதலில் மகன் சஜன்மேல்தான் சந்தேகம் போயிற்று. ஆனால் சஜனின் மணிக்கட்டு முருங்கைக்காய். இது தடித்த கை. அப்படியானால் வாட்ச் வீட்டை விட்டு வெளியே போயிருக்கிறது, திரும்பியும் வந்திருக்கிறது. எந்தத் திருடன் எடுத்ததைத் துடைத்துத் திருப்பி வைப்பான்? அவருக்குக் கோபத்தைவிட ஆவல்தான் கூடியது.

மறுவாரம் வெள்ளி டயல் சிட்டிசன் ஓடியது. அதற்கடுத்த வாரம் ஒன்றும் ஓடவில்லை. கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. இதற்கிடையில் ஞாயிறு ஆராதனை முடிந்து இறங்கும்போது சபைக் கமிட்டியிலிருக்கும் ஜெயதாஸ் அவர் கையைப் பிடித்து, ஐயா செய்வது பெரிய காரியம் என்றார். சபைக் கூட்டத்தில் தான் பேசியதைச் சொல்கிறார் என்று நினைத்து யோசுவா தலையை மட்டும் அசைத்தார்.

விடை ஷிஜுவின் போட்டோ ஸ்டுடியோ கண்ணாடிக்குள் மாட்டியிருந்தது. மணப்பெண்ணின் கைமேல் மாப்பிள்ளையின் கை. அந்தக் கையில் பொன் சீக்கோ. டயலில் ஒன்பதுக்குப் பக்கத்தில் கடுகளவு பழுப்புப் புள்ளி. அந்தப் புள்ளியை அவர் எத்தனையோ தடவை லென்ஸ் வைத்துப் பார்த்திருக்கிறார்.

ஷிஜு வெளியே வந்து கும்பிட்டான். மோதிரம், செருப்பு, வாட்ச் என்று தனித்தனியாகப் படம் எடுக்காமல் இப்போது கல்யாண ஆல்பம் கிடையாது. பையன்கள் கட்டி வரும் கறுத்த தடித்த வாட்சுகள் படத்தில் எடுபடவில்லை என்று அவன்தான் யாரிடமோ சொன்னானாம். அவர்கள் செல்லபாயிடம் போய்க் கேட்டிருக்கிறார்கள்.

"இப்பம் ஐயாவுக்க வீட்டு வாட்சு இல்லாம ஒரு மாப்பிளையும் போட்டோவுக்கு நிக்கமாட்டேங்கியான்," என்றான் ஷிஜு. "அம்மச்சிக்கு நல்ல மனசாக்கும்."

வீட்டில் செல்லபாய் மரச்சீனிக் கிழங்குக்குத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள்.

"இந்த வீட்டுல இரவல் உண்டா?" என்று கேட்டார்.

"நிங்க ஒரு கையில ஒண்ணுதான கெட்ட முடியும்?" அவள் கத்தியை நிறுத்தவில்லை. "மிச்சம் பதிமூணும் செத்தது மாதிரி கெடக்கு. ஆருக்க கையிலயாவது ஓடட்டும்."

வரும் வியாழக்கிழமை சௌதாமினியின் மகன் மனுவின் கல்யாணத்துக்கு என்று பேசியாயிற்று. சௌதாமினி கொல்லயில் ஊரில் இவர்கள் வயலில் வேலை செய்பவள். பெண்வீட்டாரிடமும் அவள் பெருமையாகச் சொல்லிவிட்டாள்.

"நிங்களுக்க பேரிலதான் வாக்கு குடுத்தேன்," என்றாள் செல்லபாய்.

யோசுவா அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். அப்பா விட்டுப் போன சொல் இரண்டு. இந்த வீட்டில் இரவல் கிடையாது. இந்த வீட்டு வாக்கு மாறாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி சஜனை வளர்த்தவர் யோசுவா. அவை ஒன்றையொன்று முட்டும் என்று நினைத்ததே இல்லை. கொடுத்தால் முதல் சொல் போயிற்று. கொடுக்காவிட்டால் மனு பெண்வீட்டார் முன்னால் வெறுங்கையோடு நிற்பான். சிரஸ்தார் வீட்டு வாக்கு இவ்வளவுதானா என்று ஊர் பேசும்.

புதன்கிழமை மாலை ஒரு வழி கண்டுபிடித்தார்.

"வாட்சை நான் குடுக்கல்ல. நானே கொண்டு போறேன். தொண்டி கோர்ட்டுக்கு வந்தா கூடவே ஆளும் வருமில்லியா? போட்டோ முடிஞ்சதும் வாங்கிட்டு வருவேன். அது இரவல் இல்ல."

"அப்பம் சட்டையத் தேச்சு வைக்கேன்," என்றாள் செல்லபாய். வேலைக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்கு அவர் அதுவரை போனதில்லை என்பதை இரண்டு பேருமே பேசவில்லை.

தாலிகட்டு செங்கல் ஊர்க் கோயிலில். படம் எடுத்தது பக்கத்து மண்டபத்தில். முன்வரிசையில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்த யோசுவா எழுந்து போய், காலையில் குலுக்கி மணி திருத்திக் கொண்டுவந்த பொன் சீக்கோவை மனுவின் கையில் சுற்றினார். மனு லாரியில் தடிமரம் ஏற்றுபவன், மணிக்கட்டு உலக்கை. கடைசித் துளைக்கும் வார் எட்டவில்லை. ஷிஜு காமிராவை இறக்கினான். பெண்ணின் மாமன்மார் எட்டிப் பார்த்தார்கள். இரவல் வாட்சு மாப்பிளைக்கு அளவு சரியில்ல என்று ஒருவர் சொல்ல, பின்னால் சிரிப்பு எழுந்தது. மனு தலை குனிந்துகொண்டான்.

யோசுவா அந்த ஆளை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு தன் கையில் கிடந்ததைக் கழற்றினார். அப்பாவின் சீக்கோ. இழுத்தால் நீளும் செயின். செல்லபாய்கூட அதைத் தொட்டதில்லை.

"கைய நீட்டு, மக்கா."

செயின் விரிந்து, மனுவின் மணிக்கட்டில் ஏறி அடங்கியது. பொன் சீக்கோ அவர் சட்டைப் பைக்குள் போயிற்று.

படம் எடுத்து முடிந்ததும் மனு செயினை இழுத்துக் கழற்றப் போனான். யோசுவா அந்தக் கையைப் பிடித்து, குனிந்து, வாட்சில் காது வைத்தார். மண்டப இரைச்சலிலும் அதன் ஓட்டம் கேட்டது.

"கெடக்கட்டும்," என்றார். "கை அசைஞ்சாத்தான் இது ஓடும். நல்லா சாப்பிடு. நாளைக்கி நீயே கொண்டு வா."

பக்கத்தில் நின்ற செல்லபாய், இது இப்போது எந்தக் கணக்கு என்று அவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள். அவர் மனுவோடு பந்திப் பக்கம் நடந்தார்.

பந்தியில் மாப்பிள்ளைக்குப் பக்கத்து இலை அவருக்கு. பாயசம் வந்தபோது பழக்கத்தில் மணிக்கட்டைத் திருப்பினார். வாட்ச் கிடந்த வெளுத்த தடம்தான் இருந்தது. சட்டைப் பையில் இன்னொரு வாட்ச் சரியாகவே ஓடிக்கொண்டிருந்தது. அதை எடுக்காமல், மனுவின் பக்கம் சாய்ந்தார்.

"மணி என்ன ஆச்சு, மக்கா?"